பொதுக் கணக்குக் குழு (இந்தியா)

பொதுக் கணக்குக் குழு என்பது இந்திய நடுவண் அரசின் செலவுக் கணக்குகளை நாடாளுமன்றத்தின் சார்பில் ஆராயும் நாடாளுமன்றக் குழு ஆகும். மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் என மொத்தம் 22 உறுப்பினர்கள் இதில் இடம்பெறுகின்றனர். நாடாளுமன்றத்தின் மூன்று நிதிக் குழுக்களில் இதுவே மிகப் பழமையானது. 1921 ஆம் ஆண்டில் முதன்முதலாக அமைக்கப்பட்டது. மற்றைய இரண்டும் மதிப்பீட்டுக் குழு, பொது நிறுவனங்கள் குழு என்பனவாகும்.

நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த பணம், ஒப்புதல் அளித்த நோக்கத்திற்காகவே, ஒப்புதல் அளித்த அளவுக்குள்ளேயே, முறையாகச் செலவிடப்பட்டதா என்பதைக் கண்டறிவது இக்குழுவின் முதன்மைப் பணியாகும். பணம் செலவான பின்னரே ஆய்வு தொடங்குகிறது. செலவைத் தடுக்கவோ, தவறு செய்தவரைத் தண்டிக்கவோ, இழந்த தொகையை மீட்கவோ இக்குழுவுக்கு அதிகாரம் இல்லை. எனினும் அரசுத் துறைகளின் செயலாளர்களை நேரில் அழைத்துக் கேள்வி கேட்டு, விடையைப் பதிவு செய்து, அதனை நாட்டின் முன் வைக்கும் வாய்ப்பு இதற்கு உண்டு. தணிக்கை அறிக்கை, எதிர்க்கட்சியைச் சேர்ந்த தலைவர், கட்சி கடந்த ஒருமித்த முடிவு ஆகிய மூன்றுமே இக்குழுவின் வலிமைக்கு அடிப்படைகள் எனலாம்.

பின்னணி

இந்திய அரசியலமைப்பின்படி நடுவண் அரசுக்கு வரும் வரிகள், கடன்கள் முதலியன இந்தியத் தொகுப்பு நிதியில் சேர்க்கப்படுகின்றன (உறுப்பு 266). சட்டத்தின் வழியாக அன்றி அந்நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. ஒவ்வோர் ஆண்டும் அரசு தனது ஆண்டு நிதிநிலை அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்கிறது (உறுப்பு 112). அதன்பின் அமைச்சகம் வாரியாக மானியக் கோரிக்கைகள் மக்களவையின் வாக்கெடுப்புக்கு விடப்படுகின்றன (உறுப்பு 113). இறுதியில் நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேற்றப்படுகிறது (உறுப்பு 114).

ஒப்புதல் அளிப்பதுடன் நாடாளுமன்றத்தின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. சாலைக்கென ஒதுக்கிய பணம் சாலைக்குத்தான் சென்றதா, வாங்கிய பொருள் வந்து சேர்ந்ததா, அதற்குக் கொடுத்த விலை நியாயமானதா என்பன ஆண்டு முடிந்த பின்னரே தெரியவரும். ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட கணக்குகளை ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் கூடும் அவையில் வரி வரியாக ஆராய்தல் இயலாது. எனவே இப்பணி ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது.

வரலாறு

பிரித்தானிய முன்னோடி

பொதுக் கணக்குக் குழு என்னும் ஏற்பாடு பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தோன்றியது. வில்லியம் கிளாட்சுடன் நிதியமைச்சராக இருந்தபோது 1861 ஆம் ஆண்டில் பொதுமக்கள் அவை இத்தகைய குழுவை அமைத்தது. 1866 ஆம் ஆண்டின் கருவூல, தணிக்கைத் துறைகள் சட்டம், துறைகள் தமது கணக்குகளை ஆண்டுதோறும் தணிக்கைக்கு அளிக்க வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. இவ்வாறு அவையின் ஒப்புதல், துறையின் செலவு, தணிக்கையாளரின் அறிக்கை, குழுவின் ஆய்வு என்னும் சுழற்சி முழுமை பெற்றது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் பலவும் பின்னர் இம்முறையைப் பின்பற்றின.

குடியேற்றக் காலம்

இந்தியாவில் மாண்டேகு–செம்சுபோர்டு சீர்திருத்தங்களை அடுத்து 1921 இல் நடுவண் சட்டப்பேரவையில் இக்குழு அமைந்தது. தலைமை ஆளுநரின் செயற்குழுவில் நிதித்துறை வகித்தவரே இதன் தலைவராக இருந்தார். முதல் தலைவர் வில்லியம் மால்கம் எய்லி ஆவார். குழுவுக்கான அலுவலகப் பணிகளையும் நிதித்துறையே செய்து வந்தது. செலவு செய்யும் அரசின் நிதிப் பொறுப்பாளரே அச்செலவை ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கியதால் குழுவின் சுதந்திரம் மிகக் குறைவாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்ததும் இக்குழு மக்களவைத் தலைவரின் (சபாநாயகரின்) கட்டுப்பாட்டில் இயங்கும் முழுமையான நாடாளுமன்றக் குழுவாக மாறியது. நிதியமைச்சர் தலைமை வகிக்கும் முறை முடிவுக்கு வந்தது. தொடக்கத்தில் கீழவை உறுப்பினர்கள் 15 பேர் மட்டுமே இதில் இருந்தனர். 1954–55 முதல் மாநிலங்களவை உறுப்பினர்கள் 7 பேரும் இணைக்கப்பட்டனர்.

1967 வரை ஆளும் கட்சி உறுப்பினர்களே தலைவராக நியமிக்கப்பட்டு வந்தனர். அவ்வாண்டுப் பொதுத் தேர்தலுக்குப் பின் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரை நியமிக்கும் மரபு தோன்றியது. சுதந்திராக் கட்சியைச் சேர்ந்த மினூ மசானி அவ்வாறு நியமிக்கப்பட்ட முதல் தலைவர் ஆவார். இம்மரபு எந்தச் சட்டத்திலும் விதியிலும் எழுதப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

குழுவின் நூற்றாண்டு விழா 2021 திசம்பர் 4, 5 ஆகிய நாள்களில் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடைபெற்றது. குடியரசுத் தலைவர் இராம்நாத் கோவிந்து விழாவைத் தொடங்கி வைத்தார்.

அமைப்பு

குழுவின் அமைப்பும் பணிகளும் மக்களவையின் நடைமுறை விதிகள் 308, 309 ஆகியவற்றில் வரையறுக்கப்பட்டுள்ளன.

* உறுப்பினர்கள் ஒற்றை மாற்று வாக்கு வழியிலான விகிதாசார முறையில் அந்தந்த அவையினரால் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இதனால் அவையில் கட்சிகளுக்கு உள்ள வலிமைக்கு ஏற்பக் குழுவிலும் இடம் கிடைக்கிறது.
* பதவிக்காலம் ஓராண்டு ஆகும். பொதுவாக மே முதல் நாள் தொடங்கி ஏப்பிரல் 30 அன்று முடிவடையும்.
* அமைச்சர் எவரும் உறுப்பினராக இயலாது. உறுப்பினர் ஒருவர் அமைச்சரானால் குழுவிலிருந்து விலகிவிடுகிறார்.
* தலைவரை மக்களவை உறுப்பினர்களிலிருந்து மக்களவைத் தலைவர் நியமிக்கிறார்.

விகிதாசார முறையின் விளைவாகத் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும் குழுவில் பெரும்பான்மை பொதுவாக ஆளும் தரப்பிடமே இருக்கும். அழைப்பு விடுப்பதிலும், ஆய்வின் போக்கை வகுப்பதிலும், வரைவு அறிக்கையைத் தயாரிப்பதிலும் தலைவருக்குச் செல்வாக்கு உண்டு. ஆனால் அறிக்கை ஏற்கப்படுவதற்குப் பெரும்பான்மை உறுப்பினர்களின் இசைவு தேவை. எந்தத் தரப்பும் தனித்து இயங்க முடியாத இவ்வமைப்பே குழுவை ஒருமித்த முடிவை நோக்கித் தள்ளுகிறது.

தலைவர்கள் சிலர்

* மினூ மசானி, 1967–69
* அடல் பிகாரி வாச்பாய், 1969–71; 1991–93
* இரா. செழியன், 1971–73
* சோதிர்மய் பாசு, 1973–75
* பி. வி. நரசிம்ம ராவ், 1978–79
* முரளி மனோகர் சோசி, 2010–14
* மல்லிகார்ச்சுன் கார்கே, 2017–19
* அதீர் ரஞ்சன் சௌத்ரி, 2019–24
* கே. சி. வேணுகோபால், 2024 ஆகத்து முதல்

இவர்களுள் வாச்பாய், நரசிம்ம ராவ் ஆகிய இருவரும் பின்னர் இந்தியப் பிரதமர்களாயினர். இரா. செழியன் திராவிட முன்னேற்றக் கழகத்தின் சார்பில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆவார்.

பணிகள்

அரசின் நிதி ஒதுக்கக் கணக்குகள், நிதிக் கணக்குகள், அவற்றின் மீதான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் ஆகியவற்றைக் குழு ஆராய்கிறது. அப்போது மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும் என விதி கூறுகிறது.

1. செலவிடப்பட்டதாகக் காட்டப்படும் பணம், அப்பணிக்கெனச் சட்டப்படி கிடைக்கத் தக்கதாக இருந்ததா?
2. செலவு அதற்குரிய அதிகாரத்தின் ஆணைக்கு இணங்க அமைந்ததா?
3. ஒரு தலைப்பிலிருந்து மற்றொரு தலைப்புக்குப் பணம் மாற்றப்பட்டிருந்தால், அது உரிய விதிகளின்படி நடந்ததா?

இவை சட்டம் சார்ந்த வினாக்கள். நடைமுறையில் குழு இவற்றைத் தாண்டியும் செல்கிறது. செலவு சட்டப்படி சரியாக இருந்தும் வீணானதாக இருக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரு மருத்துவக் கருவி முறையான ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கப்பட்டு, அதை இயக்க ஆளின்றி ஆண்டுக்கணக்கில் பெட்டியிலேயே கிடந்தால், கணக்கேட்டில் பிழை இராது. ஆனால் மக்களுக்குப் பயனும் இராது. இத்தகைய வீண்செலவு, இழப்பு, காலத்தாழ்வு ஆகியவற்றையும் குழு சுட்டிக்காட்டுகிறது. வரி வசூல் உள்ளிட்ட வருவாய் சார்ந்த தணிக்கை அறிக்கைகளும் ஆய்வுக்கு உட்பட்டவையே.

மிகைச் செலவு

நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த தொகைக்கு மேல் ஒரு துறை செலவிட்டிருந்தால், அம்மிகைக்கான சூழ்நிலையைக் குழு தனியே ஆராய்ந்து பரிந்துரை செய்ய வேண்டும். அதன் பின்னரே அரசு மிகைச் செலவு மானியக் கோரிக்கையை மக்களவையில் வைத்து அச்செலவை முறைப்படுத்துகிறது (உறுப்பு 115). எதிர் திசையில், ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமல் பெருமளவில் திருப்பி ஒப்படைப்பதையும் குழு குறையாகவே கருதுகிறது. அது திட்டமிடல் சரியில்லை என்பதற்கான அறிகுறியாகும்.

தலைமைக் கணக்குத் தணிக்கையாளருடன் உறவு

நாளிதழ்களில் சி.ஏ.ஜி. எனச் சுருக்கமாகக் குறிப்பிடப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். உச்ச நீதிமன்ற நீதிபதியைப் போன்றே, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் உரிய முறையில் தீர்மானம் நிறைவேற்றினால் அன்றி அவரைப் பதவியிலிருந்து நீக்க இயலாது. அவரது கடமைகளும் அதிகாரங்களும் 1971 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. நடுவண் அரசின் கணக்குகள் பற்றிய அவரது அறிக்கைகள் குடியரசுத் தலைவரிடம் அளிக்கப்பட்டு, அவர் வழியாக இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன (உறுப்பு 151).

அறிக்கை அவையில் வைக்கப்பட்டவுடன் அது பொதுக் கணக்குக் குழுவின் ஆய்வுக்கு வருகிறது. குழுவின் கூட்டங்களில் தலைமைத் தணிக்கையாளரும் அவரது அலுவலர்களும் உடனிருந்து, சிக்கலான கணக்குகளை விளக்கி, கேட்க வேண்டிய வினாக்களை வகுக்க உதவுகின்றனர். இதனால் அவரைக் குழுவின் நண்பர், மெய்யியலாளர், வழிகாட்டி எனக் குறிப்பிடுவது வழக்கம்.

இருவரும் ஒருவரையொருவர் சார்ந்துள்ளனர். தணிக்கை இன்றேல் குழுவுக்கு ஆராயப் பொருள் இல்லை. குழு இன்றேல் தணிக்கையாளரின் கண்டறிதல்களுக்கு விடை கேட்பார் இல்லை. தணிக்கை அறிக்கை என்பது முடிந்த முடிவு அன்று. அது நாடாளுமன்றத்தின் ஆய்வுக்கு உட்பட்டது என்றும், அரசு அதற்கு மறுமொழி கூற வாய்ப்பு உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2013 இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் எடுத்துரைத்தது.

செயல்முறை

குழுவின் ஆய்வு பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

1. தேர்வு: பதவிக்காலத்தின் தொடக்கத்தில், தணிக்கை அறிக்கைகளிலிருந்து அவ்வாண்டு விரிவாக ஆராய வேண்டிய பொருள்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தேவையெனில் துணைக்குழுக்களும் அமைக்கப்படுகின்றன.
2. எழுத்து வடிவ விடை: தொடர்புடைய அமைச்சகத்திடம் வினாப்பட்டியல் அனுப்பப்பட்டு, எழுத்து வடிவில் விளக்கம் பெறப்படுகிறது.
3. வாய்மொழிச் சாட்சியம்: அமைச்சகத்தின் செயலாளரும் மூத்த அலுவலர்களும் குழுவின் முன் தோன்றி விடையளிக்கின்றனர். கூட்டம் மூடிய அறையில் நடைபெறுகிறது. பேசப்படுவது முழுவதும் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யப்படுகிறது.
4. வரைவும் ஏற்பும்: செயலகம் தயாரிக்கும் வரைவு, தலைவரின் ஒப்புதலுக்குப் பின் குழுவின் முன் வைக்கப்பட்டு, திருத்தங்களுடன் ஏற்கப்படுகிறது.
5. அவையில் வைத்தல்: அறிக்கை மக்களவையிலும் மாநிலங்களவையிலும் வைக்கப்படுகிறது. அதன்பின் அது பொது ஆவணமாகிறது.
6. மேல்நடவடிக்கை: பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கையை அரசு ஆறு மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அவ்விடைகளை ஆராய்ந்து குழு மேல்நடவடிக்கை அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது.

மேல்நடவடிக்கை அறிக்கையில் அரசின் விடைகள் நான்கு வகையாகப் பிரிக்கப்படுகின்றன. அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள், அரசின் விளக்கத்திற்குப் பின் குழு மேலும் வலியுறுத்த விரும்பாதவை, விடை நிறைவளிக்காததால் மீண்டும் வலியுறுத்தப்படுபவை, இடைக்கால விடை மட்டுமே கிடைத்தவை என்பன அவை. ஓர் அறிக்கையின் உண்மையான விளைவை அறிய விரும்பும் ஆய்வாளர்களுக்கு முதல் அறிக்கையைவிட இவ்விரண்டாம் அறிக்கையே கூடுதல் பயன் தருவதாகும்.

ஓராண்டில் குழுவால் விரிவாக ஆராயக்கூடிய பொருள்கள் தணிக்கை அறிக்கைகளின் பத்திகளில் ஒரு சிறு பகுதியே. எஞ்சியவை கவனிப்பாரற்றுப் போவதைத் தடுக்க, தெரிவு செய்யப்படாத பத்திகளுக்கும் அமைச்சகங்கள் நான்கு மாதங்களுக்குள் நடவடிக்கைக் குறிப்பு அளிக்க வேண்டும் என்னும் ஏற்பாடு 1990களின் நடுப்பகுதியில் குழுவின் பரிந்துரையின் பேரில் உருவானது. நிதியமைச்சகத்தின் செலவினத் துறை இதனைக் கண்காணிக்கிறது.

அதிகாரங்களும் வரம்புகளும்

ஆட்களை அழைக்கவும், ஆவணங்களையும் பதிவேடுகளையும் வரவழைக்கவும் குழுவுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆவணம் ஒன்றை வெளியிடுவது நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு விளைவிக்கும் எனக் கருதினால் அரசு அதைத் தர மறுக்கலாம்.

குழுவின் பிற வரம்புகள் வருமாறு:

* அரசின் கொள்கை சரியா தவறா என்பதில் குழு தலையிடுவதில்லை. கொள்கை நிறைவேற்றப்பட்ட விதமும் அதற்கான செலவுமே ஆய்வுப் பொருள்.
* பரிந்துரைகள் அறிவுரைத் தன்மை கொண்டவை. அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை.
* அன்றாட நிர்வாகத்தில் குழு தலையிடுவதில்லை.
* கணக்குகள் முடிக்கப்பட்டு, தணிக்கை செய்யப்பட்டு, அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பின்னரே பெரும்பாலான ஆய்வுகள் தொடங்குகின்றன. இதனால் இவ்வாய்வு 'பிணக்கூறு ஆய்வு' எனவும் விமர்சிக்கப்படுகிறது.
* நிதிக் குழுக்களின் முன் சாட்சியம் அளிக்க அமைச்சர்கள் அழைக்கப்படுவதில்லை என மக்களவைத் தலைவரின் நெறிமுறை ஒன்று கூறுகிறது. அவர்களுக்காக அலுவலர்களே விடையளிக்கின்றனர்.

கடைசி வரம்பு இருமுறை பெரிதும் பேசப்பட்டது. 2010 திசம்பரில், அலைக்கற்றை விவகாரத்தில் குழுவின் முன் தோன்றத் தாம் அணியமாக இருப்பதாக அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். எனினும் அவர் அழைக்கப்படவில்லை. 2017 சனவரியில், உயர்மதிப்புப் பணத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டது தொடர்பாகத் தேவையெனில் பிரதமரையும் அழைக்கலாம் என்று அன்றைய தலைவர் கே. வி. தாமசு கூறினார். ஆளும் கட்சி உறுப்பினர்கள் இந்நெறிமுறையைச் சுட்டி எதிர்த்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. இந்திய ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்சித் படேல் மட்டும் 2017 சனவரி 20 அன்று குழுவின் முன் தோன்றினார்.

குறிப்பிடத்தக்க ஆய்வுகள்

சீப் கொள்முதல்

1948 இல் இலண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்த வி. கே. கிருட்டிண மேனன், இந்தியப் படைக்குச் சீப் ஊர்திகள் வாங்க வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்தார். பெருந்தொகை முன்பணமாகக் கொடுக்கப்பட்டும், கோரிய ஊர்திகளில் ஒரு சிறு பகுதியே வந்து சேர்ந்தது. பொதுக் கணக்குக் குழு இதனைக் கண்டித்து, உயர்மட்ட விசாரணை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் இவ்விவகாரம் முடிந்துவிட்டதாக அறிவித்தார். கிருட்டிண மேனன் 1956 இல் நடுவண் அமைச்சரானார். குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதற்கு இது தொடக்க கால எடுத்துக்காட்டாகும்.

கார்கில் போர்க்காலக் கொள்முதல்

1999 கார்கில் போரை ஒட்டி நடந்த அவசரக் கொள்முதல்கள் பற்றிய தணிக்கை அறிக்கை 2001 திசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இதனை ஆராய்ந்த பொதுக் கணக்குக் குழு, இது தொடர்பாக நடுவண் ஊழல் கண்காணிப்பு ஆணையம் அளித்த அறிக்கையைக் கேட்டது. அது கமுக்கமானது எனக் கூறிப் பாதுகாப்பு அமைச்சகம் தர மறுத்தது. ஆவணம் மறுக்கப்படும்போது குழுவின் ஆய்வு எந்த அளவுக்குத் தடைப்படுகிறது என்பதை இந்நிகழ்வு காட்டியது.

இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை

2008 இல் தொலைத்தொடர்பு உரிமங்கள் 2001 ஆம் ஆண்டின் விலையில் வழங்கப்பட்டன. இதனால் அரசுக்கு ஏற்பட்ட உத்தேச இழப்பைத் தலைமைத் தணிக்கையாளர் வினோத் ராய் பல முறைகளில் கணக்கிட்டார். 2010 நவம்பர் 16 அன்று அவையில் வைக்கப்பட்ட அவரது அறிக்கையில் இம்மதிப்பீடுகள் 57,666 கோடி ரூபாய் முதல் 1,76,645 கோடி ரூபாய் வரை அமைந்தன. துறை அமைச்சராக இருந்த ஆ. இராசா அதற்கு இரு நாள்கள் முன்னரே பதவி விலகினார்.

பாரதிய சனதா கட்சியைச் சேர்ந்த முரளி மனோகர் சோசி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு ஆய்வை மேற்கொண்டது. எதிர்க்கட்சிகளின் தொடர் கோரிக்கையால் 2011 மார்ச்சில் பி. சி. சாக்கோ தலைமையில் இரு அவைகளின் கூட்டுக் குழுவும் அமைக்கப்பட்டது. ஒரே பொருளை இரு குழுக்கள் ஆராய்வது முறையா என்னும் வினா குழுவுக்குள் எழுந்தது.

பதவிக்காலம் முடிய இரு நாள்களே இருந்த நிலையில், 2011 ஏப்பிரல் 28 அன்று சோசியின் வரைவு அறிக்கை குழுவின் முன் வந்தது. வரைவின் பகுதிகள் அதற்கு முன்னரே ஊடகங்களில் வெளியாகியிருந்தன. கூட்டத்தில் கடும் அமளி ஏற்பட்டது. தலைவர் வெளியேறிய பின், ஆளும் கூட்டணியினரும் அவர்களுக்கு ஆதரவளித்த கட்சியினரும் காங்கிரசு உறுப்பினர் சைபுதீன் சோசைத் தலைவராகக் கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்தனர். குழுவின் 21 உறுப்பினர்களில் 11 பேர் வரைவை நிராகரித்ததாக அவர்கள் அறிவித்தனர். சோசி வரைவை மக்களவைத் தலைவர் மீரா குமாரிடம் அளித்தார். அவர் அதனைத் திருப்பி அனுப்பினார். இவ்வாய்வு, ஏற்கப்பட்ட அறிக்கை ஏதுமின்றி முடிந்தது.

விவகாரம் பின்னர் நீதிமன்றங்களில் தொடர்ந்தது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை நீக்கம் செய்தது. 2017 திசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. இதனை எதிர்த்த மேல்முறையீட்டைத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது.

ரபேல் போர் வானூர்தி

2018 திசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ரபேல் வானூர்திகளின் விலை பற்றிய தணிக்கை அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டது என்னும் பொருளில் ஒரு தொடர் இடம்பெற்றது. அத்தகைய அறிக்கை எதுவும் குழுவுக்கு வரவில்லை எனக் குழுத் தலைவர் மல்லிகார்ச்சுன் கார்கே மறுத்தார். தாம் அளித்த குறிப்பு வழக்கமான நடைமுறையை மட்டுமே விளக்கியது என்றும், அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றும் கூறி அரசு மறுநாளே திருத்தம் கோரி மனுச் செய்தது. தணிக்கை அறிக்கை 2019 பிப்ரவரி 13 அன்றுதான் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதிலும் விலை விவரங்கள் மறைக்கப்பட்டிருந்தன.

பிற நிதிக் குழுக்கள்

* மதிப்பீட்டுக் குழு: நிதியமைச்சர் சான் மத்தாயின் பரிந்துரையின் பேரில் 1950 இல் அமைந்தது. மக்களவை உறுப்பினர்கள் 30 பேர் மட்டுமே இதில் உள்ளனர். செலவு மதிப்பீடுகளில் எங்கெங்குச் சிக்கனம் செய்யலாம் என்பதை ஆராய்கிறது.
* பொது நிறுவனங்கள் குழு: 1964 இல் அமைந்தது. மக்களவை உறுப்பினர்கள் 15 பேரும் மாநிலங்களவை உறுப்பினர்கள் 7 பேரும் உள்ளனர். அரசு நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்கிறது. சீப் கொள்முதலில் கண்டனத்துக்கு ஆளான கிருட்டிண மேனனின் தலைமையிலான குழு ஒன்றின் பரிந்துரையே இக்குழு உருவாகக் காரணமாயிற்று.
* துறைசார் நிலைக்குழுக்கள்: 1993 இல் 17 குழுக்கள் அமைக்கப்பட்டன, 2004 இல் அவை 24 ஆக உயர்ந்தன. மானியக் கோரிக்கைகள் வாக்கெடுப்புக்கு வருமுன் அவற்றை ஆராய்கின்றன.

சுருங்கக் கூறின், நிலைக்குழுக்கள் செலவுக்கு முன்பும், பொதுக் கணக்குக் குழு செலவுக்குப் பின்பும் பணத்தைப் பின்தொடர்கின்றன.

மாநிலங்களிலும் இலங்கையிலும்

இந்திய மாநிலச் சட்டமன்றங்களிலும் பொதுக் கணக்குக் குழுக்கள் இயங்குகின்றன. மாநிலக் கணக்குகள் பற்றிய தணிக்கை அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்பட்டு, அவர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. எதிர்க்கட்சித் தலைமை என்னும் மரபு மாநிலங்களில் ஒரே சீராகப் பின்பற்றப்படுவதில்லை. தமிழ்நாட்டில் 2021 இல் ஆளும் கூட்டணியில் இடம்பெற்ற காங்கிரசு கட்சியின் கு. செல்வப்பெருந்தகை தலைவராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில் மேற்கு வங்காளத்தில், பாரதிய சனதா சார்பில் வென்று பின் ஆளும் திரிணாமுல் காங்கிரசில் சேர்ந்த முகுல் ராய் நியமிக்கப்பட்டது பெரும் சர்ச்சையானது.

இலங்கையில் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு (கோபா) 1921 இலும், அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு (கோப்) 1979 இலும் தோற்றுவிக்கப்பட்டன. 2015 இல் நடந்த மத்திய வங்கிப் பிணைமுறி விற்பனை குறித்துச் சுனில் அந்துன்னெத்தி தலைமையிலான கோப் குழு 2016 அக்டோபரில் அளித்த அறிக்கை பெரிதும் அறியப்பட்டது. இலங்கையின் 2018 ஆம் ஆண்டுத் தேசிய கணக்காய்வுச் சட்டம், இழப்புக்குக் காரணமான அலுவலரிடமிருந்து தொகையை மீட்கவும் வழி செய்கிறது. இந்தியப் பொதுக் கணக்குக் குழுவுக்கு இத்தகைய வழி இல்லை.

மதிப்பீடு

இக்குழுவின் மீதான குறைகூறல்களில் காலத்தாழ்வே முதன்மையானது. அறிக்கை வெளியாகும்போது, செலவுக்குப் பொறுப்பான அலுவலர் இடமாற்றமோ ஓய்வோ பெற்றிருக்கக்கூடும். உறுப்பினர்களின் ஓராண்டுப் பதவிக்காலம், கணக்கியல் அறிவு பெறுவதற்குள் முடிந்துவிடுகிறது என்பது மற்றொரு குறை. கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் மக்களுக்கு விசாரணையின் போக்குத் தெரிவதில்லை என்றும் கூறப்படுகிறது. பிரித்தானியக் குழுவின் சாட்சிய அமர்வுகள் பொதுவாக மக்கள் பார்வைக்குத் திறந்தவை. மூடிய அறையே உறுப்பினர்கள் கட்சி நிலைப்பாட்டை ஒதுக்கிவிட்டுப் பேச இடம் தருகிறது என்பது இதற்கான மறுமொழியாகும்.

பரிந்துரைகள் கட்டுப்படுத்தாதவை ஆயினும் விளைவற்றவை அல்ல. என்றாவது ஒரு நாள் குழுவின் முன் விடை கூற வேண்டியிருக்கும் என்னும் எண்ணமே, கோப்பில் கையொப்பமிடும் அலுவலரிடம் எச்சரிக்கையை உண்டாக்குகிறது. ஆனால் இவ்விளைவு குழுவின் அறிக்கை நம்பப்படுவதைப் பொறுத்தது. அனைத்துக் கட்சியினரும் ஏற்ற அறிக்கையை அரசு எளிதில் புறந்தள்ள முடியாது. 2011 இல் நிகழ்ந்தவாறு குழு கட்சி வாரியாகப் பிளவுபடும்போது, தணிக்கையாளரின் கண்டறிதல்கள் நாடாளுமன்றத்தின் தீர்ப்பாக மாறாமல் அரசியல் வாதமாகவே நின்றுவிடுகின்றன.

இவற்றையும் பார்க்க

* இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்
* மதிப்பீட்டுக் குழு
* பொது நிறுவனங்கள் குழு
* இந்திய நாடாளுமன்றம்
* இரா. செழியன்